துட்டி வீட்டில் குதிரைச் சத்தம்

தோவாளை
18.8.2024

தம்பி ராஜகுமாருக்கு அக்கா பகவதி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முட்டுவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. நீயும் அஜிதாவும் சுகந்தானே? கீரிப்பாறையில் அட்டைக்கடி குறைந்ததா?

போனில் சொல்லாமல் இவள் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய். உன் எஸ்டேட்டில் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் நான் கத்த வேண்டும். கத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். சொல்ல வந்ததே அந்தப் பக்கத்து விஷயந்தான். அதனால் எஸ்டேட் பஸ் கண்டக்டர் தங்கப்பன் கையில் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

நம் நாகேந்திரன் போய் இன்னும் மூன்று மாதம் முழுதாக ஆகவில்லை. பதினாறு கழிந்ததும் அவன் மகள் அஸ்வதி பெங்களூருக்குப் போய்விட்டாள். அவன் பெண்டாட்டி அழகியநாயகி தனியாகத்தான் இருக்கிறாள். அப்பா நமக்காக வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்துப் பிரித்தாரே, அந்தப் பக்கம் கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். சாவு விழுந்த துட்டி வீட்டில் வருஷத் திதி வரை டிவி போடக்கூடாது என்பது நம் குடும்பத்துப் பழக்கம். உன் அத்தான் போனபோது நான் ஒரு வருஷம் ரேடியோவைக்கூடத் திருகவில்லை. இப்போதும் தம்பிக்காக என் டிவிக்கு மேல் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அங்கே என்னவென்றால், ஒரு வாரமாக, விளக்கு வைத்த நேரத்துக்குக் குதிரை ஓடுகிறது. டமார் டமாரென்று துப்பாக்கி வெடிக்கிறது. முதல் நாள் நான் கையிலிருந்த பிச்சிப்பூவைக் கீழே போட்டுவிட்டேன். சுசீந்திரம் ஆனை தெருவில் வந்தாலாவது நியாயம் உண்டு, நம் தெருவில் குதிரைக்கு என்ன வேலை?

இன்னொன்று. இதெல்லாம் தொடங்குவதற்கு முந்தைய நாள் செல்வதாஸ் வந்தான். திங்கள்சந்தைக்காரன், நாகேந்திரனோடு மஸ்கட்டில் ஒரே அறையில் கிடந்தவன். கையில் கறுப்புப் பை. ஒரு மணி நேரம் உள்ளே இருந்தான். போகும்போது பை இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே யோசி.

உன் நன்மையையே நினைக்கிற
அக்கா பகவதி


கீரிப்பாறை
27.8.2024

அக்காவுக்கு ராஜகுமார் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். சாரல் விடவே இல்லை, ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடக்கவில்லை. அஜிதா உனக்கு முட்டுக்குத் தடவ ஒரு எண்ணெய் கொடுத்துவிட்டிருக்கிறாள். தங்கப்பனிடம் குப்பியைக் கேட்டு வாங்கு, இல்லையென்றால் அவன் தன் முட்டில் தடவிவிடுவான்.

நீ எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன். குதிரையாவது துப்பாக்கியாவது என்று. பிறகு சிரிப்பு வரவில்லை. நாகேந்திரன் அண்ணன் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் போய், இரண்டு வருஷம் கையாலேயே பேசிச் செத்தான். அந்த இரண்டு வருஷமும் அவன் பக்கத்தில் இருந்தவள் அழகி மைனிதான். தனிமைக்கு எதையோ போட்டுப் பார்க்கிறாள் என்று விடலாம். ஆனால் செல்வதாஸ் ஏன் வர வேண்டும்? துட்டி கேட்க அவன் பதினாறிலேயே வந்துவிட்டானே.

அந்தப் பையில் என்ன என்று மைனியிடம் பக்குவமாகக் கேட்டுப் பார். பக்குவமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும்.

அன்புத் தம்பி
ராஜகுமார்


தோவாளை
9.9.2024

மக்கா ராஜகுமாரா, எண்ணெய் கிடைத்தது. குப்பி முக்கால்தான் இருந்தது, தங்கப்பனுக்கு நடை கொஞ்சம் நேராகியிருக்கிறது. ஓணம் நெருங்குவதால் மார்க்கெட்டில் மலையாளத்து வண்டி வரிசையாக நிற்கிறது. நம் பிச்சித் தோட்டத்தில் ஆள் கிடைக்காமல் நானே பறிக்கிறேன். உடம்பு தாங்குகிறது. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்குவமாகத்தான் கேட்டேன். "சாயங்காலமானா அங்க என்னட்டி சத்தம்?" என்றேன். "ஒண்ணுமில்ல மைனி, ஒரு பழைய இங்கிலீஷ் படம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராசா, அவளுக்கு இங்கிலீஷில் ரேஷன் கார்டில் தன் பேரைக்கூட வாசிக்கத் தெரியாது. புரியாத படத்தை ஒருத்தி தினமும் பார்ப்பாளா? அதுவும் ஒரே படத்தை? ஆமாம், ஒரே படந்தான். குதிரை வருவதும் வெடிப்பதும் ஒரே வரிசையில் வருகிறது. எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. வெடிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆண் குரல் பேசுகிறது. இங்கிலீஷ் இல்லை, தமிழ். வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் இழுவை நம் ஊர்ப் பக்கத்து இழுவை. வாலிபக் குரல். சில இடத்தில் பேச்சு சட்டென்று தாழ்ந்து ஒன்றுமே கேட்காமல் போகும். நான் சுவரோடு காதை வைத்தால்கூட இல்லை. நேற்று அந்தப் பேச்சைக் கேட்டு அவள் சிரித்தாள். புருஷன் போய் மூன்று மாதத்தில் சிரித்தாள். உன் அத்தான் போனபின் நான் எப்போது சிரித்தேன் என்று எனக்கு நினைவே இல்லை.

முன் வாசலில் போய் நின்றேன், செருப்பு இல்லை. பின்னால் வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன், அங்கும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

ஊர் பேசுவதற்குள் கணபதியப்பன் சித்தப்பாவிடம் சொல்லி, வருஷத் திதி வரை அவளை மணவாளக்குறிச்சியில் அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன். வந்தபின் வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம். நாகேந்திரன் பெயர் தெருவில் இழுபடக்கூடாது. நீ ஒரு நடை வந்து போ.

அக்கா பகவதி


கீரிப்பாறை
16.9.2024

அக்கா, சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். எஸ்டேட்டில் ஓணத்துக்கு அஜிதா அடைப் பாயசம் வைத்தாள். துட்டி வருஷமென்று நான் தொடவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோதே செல்வதாஸ் இந்த வீட்டில் சொந்தக்காரனைப் போல வந்துபோவான். அப்போதே கேட்டிருக்க வேண்டும். சித்தப்பாவிடம் இப்போது போகாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் சாயங்காலத்து நேரமாகப் பார்த்து வருகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் நேரே மைனி வீட்டுக்குள் நுழைகிறேன். யார் இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

தம்பி ராஜகுமார்


தோவாளை
1.10.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. என் சுகத்தைக் கேட்காமலே போனவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? ஆனாலும் அஜிதா சுகமா என்று கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். குதிரை ஓடத் தொடங்கியதும் அவள் கதவைத் தட்டினாய். கதவு திறந்தது. சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. இப்போது ரகளை வெடிக்கும் என்று பார்த்தால், மறுபடி முதலிலிருந்து குதிரை ஓடுகிறது! நீ அங்கே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தாய். நடுவில் நீயும் சிரித்தாய். என் காதால் கேட்டேன். நீ சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியாதா, தொட்டிலில் கிடந்தபோதிலிருந்து கேட்கிறேன்.

வெளியே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. நான் நடையில் காப்பி டம்ளரோடு நிற்கிறேன். "நேரமாச்சுக்கா, பஸ்ஸ விட்டிருவேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் போனாய். அதோடு சரி. ஒரு வரி இல்லை. தங்கப்பனைத் தினமும் கேட்கிறேன், அவன் கையை விரிக்கிறான்.

அங்கே யாரைப் பார்த்தாய்? என்ன பேசினீர்கள்? பதில் எழுது.

அக்கா


கீரிப்பாறை
8.10.2024

அக்கா, நாங்கள் சுகம். மழை வலுத்திருக்கிறது. பிச்சி என்ன விலை போகிறது? ஆயுத பூஜைக்கு ஏறியிருக்குமே.

அங்கே யாரும் இல்லை. மைனி மட்டுந்தான் இருந்தாள். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை, என்னை நம்பு. இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு அக்கா. சித்தப்பா காதுக்குக் கொண்டுபோகாதே. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ராஜகுமார்


தோவாளை
21.10.2024

ராஜகுமாருக்கு. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

மழையும் பிச்சி விலையும் விசாரிக்கத்தான் உனக்குக் காகிதம் கிடைத்ததா? யாரும் இல்லையாம். அப்படியானால் பேசிய ஆண் யார், பேயா? உன்னையும் ஏதோ சொல்லி வளைத்துவிட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவனே அந்தப் பக்கம் சாய்ந்தபின் நான் யாரிடம் போவேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் நானே பார்த்துக்கொள்வதென்று முடிவுகட்டினேன்.

நேற்று செல்வதாஸ் வந்தான். இந்தத் தடவை கார். தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான், வாசலில் நிறுத்தத் தைரியமில்லை போல. நான் நடுத்தெருவில் போய் நின்று வழியை மறித்தேன். "எந்தம்பி சாம்பலு இன்னும் ஆறல்ல. அதுக்குள்ள ஒமக்கு இந்த வீட்டுல என்ன வே சோலி?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்கவில்லை. எதிர்வீட்டு லீலாபாய் வந்தாள், அவளைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். இன்னும் சில வார்த்தை சொன்னேன், அதை எழுதினால் காகிதம் கறுக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குற்றமில்லாதவன் அப்படி நிற்பானா?

அழகி வாசலுக்கு வந்தாள். "மைனி, உள்ள வாங்க, நானே எல்லாம் காட்டுகேன்" என்றாள். எனக்குக் காட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது, உன் நடையை மிதிக்கமாட்டேன் என்றேன். அதற்குள் சித்தப்பாவுக்குச் செய்தி போய் அவரும் வந்துவிட்டார். வருஷத் திதி வரை நீ பிறந்த வீட்டில் இருப்பதுதான் எல்லாருக்கும் மரியாதை என்று அவளிடம் சொன்னார்.

இன்று காலையில் நான் பூ மார்க்கெட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவியை என்னிடம் தரவில்லை, லீலாபாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போகட்டும். இன்று சாயங்காலம் நிம்மதியாகப் பூக் கட்டலாம்.

பகவதி


கீரிப்பாறை
24.10.2024

அக்கா,

தங்கப்பனிடம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். சுகம் விசாரிக்க மனசில்லை. நான் மைனிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், அதை இப்போது உடைக்கிறேன். முன்னாலேயே உடைத்திருக்க வேண்டும்.

நீ சுவர் வழியாகக் கேட்ட அந்த வாலிபக் குரல் நம் அண்ணன் குரல்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு நாளில் அவர்கள் அறையில் வீடியோ போடுவார்கள். ஒரு பழைய குதிரைக்காரப் படத்தின் கேசட் அங்கே இருந்தது. இங்கிலீஷ் படம். அறையில் இருந்தவர்களில் அண்ணனுக்கு மட்டுந்தான் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். அவன் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். புரியாத இடத்தில் அவனாக இட்டுக்கட்டுவான். அது படத்தைவிட நன்றாக இருக்கிறதென்று, ஒரு நாள் செல்வதாஸ் மைக்கைச் செருகி அண்ணன் பேச்சையும் சேர்த்து இன்னொரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். கல்யாணம் முடிந்து அண்ணன் முதல் தடவை போயிருந்த சமயம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அண்ணன் குரல் போனதும் செல்வதாஸுக்கு அந்தக் கேசட் நினைவு வந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பூஞ்சை பிடித்துப் படம் முழுக்கக் கோடு. ஆனால் குரல் பிழைத்திருந்தது. அந்தப் படம் இப்போது புது டிஸ்க்காகப் பளிச்சென்று வந்திருக்கிறதாம். அதை வரவழைத்து, திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் அண்ணன் குரலை அதன் மேல் ஏற்றியிருக்கிறார். எல்லாம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டான். அந்த டிஸ்க்கும் அதைப் போட ஒரு பெட்டியுந்தான் அந்தக் கறுப்புப் பையில் இருந்தது.

படத்தின் கதையைச் சொல்கிறேன், அப்போதுதான் மிச்சம் விளங்கும். தண்ணீர் இல்லாத ஒரு சின்ன ஊர். அண்ணன் அதற்கு ஆரல்வாய்மொழி என்று பேர் வைத்திருக்கிறான், அவ்வளவு காற்று. ஜெயிலிலிருந்து வந்த ஒரு வயசாளி, புருஷன் செத்த ஒருத்திக்குக் கிணறு தோண்டிக்கொடுக்க வருகிறான். அதிகம் பேசமாட்டான். தோண்டுவான், தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைப்பான், மறுபடி தோண்டுவான். அவனையும் அவளையும் பற்றி ஊர் பேசுகிறது. ஊரைப் பேசவைப்பது ஒரு கடைக்காரி. எந்நேரமும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அக்கா, அந்தக் கடைக்காரிக்கு அண்ணன் வைத்த பேர் பகவதி.

உன் குரலையும் அப்படியே பேசுகிறான். "ஏட்டி, அவன் ஆரு? எப்பம் வந்தான்? செருப்ப எங்க போட்டான்?" என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ எனக்கு எழுதிய கடிதம் சட்டைப் பையில் இருந்தது, அதில் நீயும் செருப்பைத்தான் தேடியிருந்தாய். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்கப் போனவன், செத்த அண்ணன் பேசுவதைக் கேட்டு அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணன் குரல் அதில் சன்னம். அது கேட்க வேண்டுமென்று மைனி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அதனால்தான் துப்பாக்கி வெடித்தால் வீடு அதிர்கிறது. கடைக்காரி வரும்போது மட்டும் ரிமோட்டை எடுத்து, சுவருக்கு உன் பக்கம் கேட்காதபடி குறைத்துவிடுவாள்; டிவியோடு காதை வைத்துத்தான் நான் கேட்டேன். "தம்பி ஊராளுவளுக்கு முன்ன தன்னக் கேலி பண்ணிச் சிரிச்சாம்னு தெரிஞ்சா மைனிக்கு மனசு நோவும். சொல்லாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். உனக்காகத்தான் மறைத்தாள் அக்கா. நானும் உனக்காகத்தான் வாயை மூடினேன். நீ தெருவில் இறங்குவாய் என்று நினைக்கவில்லை.

ராஜகுமார்


தோவாளை
14.11.2024

அழகியநாயகிக்கு பகவதி எழுதுவது.

நீ சுகமா? உன் தம்பி சுடலையாண்டிக்கு மணல் கம்பெனியில் வேலை சுகமாகப் போகிறதா? கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாதே, காதில் துணி கட்டிக்கொள்கிறாயா?

உன் பக்கத்து முருங்கை ஒடிந்து விழுந்தது, நான் கழித்துவிட்டேன். சாவி லீலாபாயிடமே இருக்கிறது, நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு இந்தச் சுவரின் இரண்டு பக்கமும் விளக்கில்லை.

ராஜகுமார் எல்லாம் எழுதிவிட்டான். அந்தக் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தினமும் உனக்கு எழுத உட்கார்ந்து, முருங்கைக்கு மேல் ஓடவில்லை. நான் பேசினது தப்பு. உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. என் கையால் தூக்கி வளர்த்தவன் குரலைக் கேட்டுவிட்டு வேற்று ஆண் என்று சொன்னேன், அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

திரும்பி வா. உன் வீட்டுக்குள் வர எனக்கு முகம் இல்லை. நீ படத்தைப் போடு. சத்தத்தைக் குறைக்காதே, அவன் என்ன கேலி செய்தாலும் பரவாயில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

பகவதி


மணவாளக்குறிச்சி
2.12.2024

மைனிக்கு அழகியநாயகி வணக்கம். இங்கு எல்லாரும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். உடனே பதில் எழுத மனசு வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவர் மஸ்கட் போனார். நாலு வருஷம் வரவில்லை. அந்த நாலு வருஷத்தில் அவர் எப்படிப் பேசினார், எப்படிச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது. மாதம் ஒரு கடிதந்தான். கடைசி இரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தார், குரல் இல்லை. செல்வதாஸ் அண்ணன் கொண்டுவந்த படத்தைப் போட்டதும் உங்கள் தம்பி குரல் மட்டுந்தான் என் காதில் விழுந்தது. குதிரையையும் துப்பாக்கியையும் நான் பார்க்கவே இல்லை மைனி. துட்டி வீட்டில் டிவி போடக்கூடாது என்று எனக்கும் தெரியும். மனசு கேட்கவில்லை.

என்னைப் பேசினதை நான் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் என்னை இன்றைக்கா பேசுகிறீர்கள்? ஆனால் அன்று செல்வதாஸ் அண்ணன் தனியாக வரவில்லை. தெருமுனையில் நின்ற காரில் அவர் மனைவி பெமிலா இருந்தாள். கால் சுகமில்லாதவள். என்னை அவர்கள் வீட்டுக்கு நாலு நாள் கூட்டிப்போக வந்திருந்தார்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. இறங்கி வந்து சண்டை போடக்கூட அவளால் முடியாது.

நீங்கள் எனக்கு எழுதினது போதாது. நம் தெருவில் எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்களோ, அவ்வளவு சத்தமாக அவர்கள் தெருவில் போய்த் தப்பென்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் வருகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்க வேண்டாம். கேட்பதென்றால் உள்ளே வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

அழகியநாயகி


தோவாளை
5.1.2025

மக்கா ராஜகுமாரா, நான் சுகம். இதை எழுதும்போது மெய்யாகவே சுகமாக இருக்கிறது. அஜிதாவுக்கு என் அன்பு. அந்த எண்ணெயில் இன்னொரு குப்பி அனுப்பு, முழுதாக.

திங்கள்சந்தைக்குப் போனேன். அவள் கடிதம் வந்து கொஞ்ச நாள் எனக்குக் கோபந்தான். நான் வயசில் மூத்தவள், வேற்றூர்த் தெருவில் நின்று கத்துவதா என்று. அப்புறம் காருக்குள் இருந்த அந்தப் பெண்பிள்ளையை நினைத்தேன், நிலைகொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூடை நிறையப் பிச்சிப்பூவோடு பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டு முற்றம் நிறைய ஆள், விருந்தாளிகள். அதுவும் நல்லதாகப் போயிற்று. வாசலிலேயே நின்றுகொண்டேன். நான் தோவாளைக்காரி, நாகேந்திரனுக்கு மூத்தவள், இந்த மனுஷனைப் பற்றி நடுத்தெருவில் சொன்னதெல்லாம் பொய், என் புத்தி கெட்டதால் சொன்னது என்று சொன்னேன். நம் தெருவில் கத்தின அதே சத்தத்தில் சொன்னேன். செல்வதாஸ் ஓடிவந்து கூடையை வாங்கிக்கொண்டார். பெமிலா நாற்காலியில் இருந்தபடி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, தலையில் வைத்துவிடுங்கள் என்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

அழகி சொன்னபடி வந்தாள். ஒரு வாரத்துக்கு மேல் நான் அந்த நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று விளக்கு வைத்ததும் அவளே வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

ராசா, அது அவன்தான். நம் பையன். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. எப்படித் தெரியாமல் போயிற்று எனக்கு? முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. கடைக்காரி வந்ததும் அழகி பழக்கத்தில் ரிமோட்டைத் தேடினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். படுபாவி, என்னை எப்படி நோட்டம் பார்த்து வைத்திருக்கிறான். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நான் தொண்டையைச் செருமுவேனாம். அதையும் செய்கிறான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

கடைசியில் ஊர் கூடி அந்தக் கிணறு தோண்டினவனைத் துரத்துகிறது. அவன் குதிரையில் ஏறிப் போகிறான். அந்தக் கடைக்காரி கடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடி, இங்கிலீஷில் என்னவோ சொல்கிறாள். நம் பையன் சொல்கிறான்: "இவ என்ன சொல்லுகான்னு எனக்குப் புரியல்ல கேட்டியளா. எங்க அக்காவா இருந்தா, எம்புட்டு ஏசினாலும், போறவன நிறுத்தி, தின்னுட்டுப் போலேம்பா. நானும் வரும்பம் அவ சொன்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு திங்காம வந்துட்டேன்." இதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. இட்லியை இலையில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். பஸ் போய்விட்டது. அவனுக்கு அது தெரியாது. நான் ஓடி வந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது, நான் சொன்னதும் இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவனிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். ஏலே, நான் வந்தேன்லே என்று. அழகி படத்தை நிறுத்தி வைத்தாள். குதிரைக்காரன் அப்படியே நின்றான். நான் இட்லியைச் சொன்னேன், சந்தேகப்பட்டதைச் சொன்னேன், தெருவில் கத்தினதைச் சொன்னேன், திங்கள்சந்தைக்குப் போனதைச் சொன்னேன். மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். அவள் அவசரப்படுத்தவில்லை. நான் ஓய்ந்ததும், "சொல்லியாச்சா மைனி?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். அதற்கப்புறந்தான் அவனைப் போகவிட்டாள்.

பொங்கலுக்கு நம் வீட்டில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அஜிதாவைக் கூட்டிக்கொண்டு வா. நாம் கூடப்பிறந்த மூன்று பேருமாக ஒரு நாள் அங்கே உட்காருவோம்.

அக்கா பகவதி